ஆடியில் 5.25, மார்கழியில் 3.75: ஒரு சர்க்கரைக்காரரின் லேசர் கதை

ஆடி பிறந்து நாலாம் நாள் சாயங்காலம் அவர் வந்தார். வயது 33. கல்யாண போட்டோகிராபர். வேளச்சேரியில் வீடு, அதை ஒட்டியே சின்னதாக ஒரு ஸ்டூடியோ. நான் சென்னையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பவர் பார்க்கும் ஆப்டோமெட்ரிஸ்ட். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கண் சம்பந்தப்பட்ட எதையும் மாற்றவில்லை.

எங்கள் வாசலில் அப்போது, கண்ணாடியைக் கழற்ற வைக்கும் லேசர் சிகிச்சையான லாசிக்குக்கு ஆடித் தள்ளுபடி பலகை தொங்கிக்கொண்டிருந்தது. பட்டுப்புடவைக்குப் போடட்டும், பிரிட்ஜுக்குப் போடட்டும், கருவிழிக்குமா என்று வருஷா வருஷம் முணுமுணுப்பேன். யாரும் காதில் வாங்குவதில்லை. ஆனால் இவர் தள்ளுபடிக்காக வரவில்லை. ஆடியில் கல்யாணம் கிடையாது. அவருக்கு வேலை இல்லாத மாதம்.

"ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள்ள முடிச்சிடணும் மேடம். நாலு புக்கிங் வாங்கிட்டேன்."

கண்ணாடியை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டேன். எல்லோரிடமும் கேட்பேன், பதில் பெரும்பாலும் "பார்க்க நல்லா இல்ல" என்பதோடு முடிந்துவிடும். இவர் சொன்னது வேறு. பல்லாவரத்தில் ஒரு மண்டபம். ஏசி இல்லை, ஹோமப் புகை, வியர்வை. கண்ணாடி மூக்கில் வழுக்கியபடி வியூஃபைண்டரில் இடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கழற்றிச் சட்டை நுனியில் துடைத்த அந்த இரண்டு நொடியில் கெட்டிமேளம் கொட்டிவிட்டது. தாலி கட்டிய படம் அவர் கேமராவில் இல்லை. உதவிக்கு வந்த பையன் செல்போனில் எடுத்ததைத்தான் ஆல்பத்தில் வைத்தார்களாம். சொல்லும்போது சிரித்தார், ஆனால் அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டவில்லை.

போட்டிருந்த கண்ணாடியை முதலில், அதன் பவரை அளக்கும் லென்ஸோமீட்டரில் வைத்தேன். வலது மைனஸ் 4.00, இடது மைனஸ் 3.75. எட்டு மாதத்துக்கு முன் வாங்கியது. பிறகு கண்ணில் பவர் பார்த்தேன். வலது மைனஸ் 5.25, கூடவே 0.75 சிலிண்டர், அதாவது ஒரு திசையில் மட்டும் கூடுதலாக வேண்டிய பவர். இடது மைனஸ் 5.00. இயந்திரம் தப்பாகக் காட்டுகிறதோ என்று கையால் லென்ஸ் மாற்றி மாற்றி மறுபடி பார்த்தேன். அதே எண்.

பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு எட்டு மாதத்தில் ஒன்றேகால் ஏறினால் கண் வளர்கிறது என்று சொல்லலாம். முப்பத்து மூன்று வயதில் கண் அப்படி வளராது. கருவிழி கூம்பாகிக்கொண்டே வரும் கெரட்டோகோனஸாக இருக்கலாம், ஆனால் அதில் சிலிண்டர்தான் தாறுமாறாக ஏறும். கருவிழி வரைபடமும் சுத்தமாக இருந்தது. மிச்சம் ஒரு கேள்விதான்.

"சுகர் இருக்கா சார்?"

"லேசா இருக்குன்னாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி. மாத்திரை குடுத்தாங்க, அப்பப்போ போடுவேன்."

கீழே இருந்த லேபில் விரலைக் குத்திப் பார்த்தார்கள். 342. மறுநாள் வந்த எச்பிஏ1சி 10.8. அதாவது முந்தைய மூன்று மாதமும் சர்க்கரை இதே ரீதியில்தான் ஓடியிருக்கிறது. பதிவுத் தாளில் "சர்க்கரை நோய்" என்ற கட்டத்தில் அவர் "இல்லை" என்று டிக் போட்டிருந்தார். பொய் சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை. மாத்திரை போடாத நாளில் நோயும் இல்லை என்பது நம் ஊர்க் கணக்கு. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு நாட்டில் 10 கோடிக்கு மேல் சர்க்கரைக்காரர்கள் என்றது. அந்த மாதிரி டிக் போடுகிறவர்கள் எத்தனை பேர் என்பதை என் மேசையிலிருந்தே ஓரளவு ஊகிக்க முடிகிறது.

இங்கே நடப்பது என்னவென்று கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கண்ணில் ஒளியை வளைக்கும் இடங்கள் இரண்டு: முன்னால் கண்ணாடி போலத் தெளிவான கருவிழி (கார்னியா), உள்ளே லென்ஸ். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் லென்ஸுக்குள்ளும் ஏறுகிறது. அங்கே ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற நொதி அதை சார்பிடாலாக மாற்றுகிறது. சார்பிடால் எளிதில் வெளியேறாது. தேங்கி, தண்ணீரை இழுக்கும். ராத்திரி ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி லென்ஸ் உப்பும், மைனஸ் ஏறும். சர்க்கரை இறங்கும்போது கதை திரும்புகிறது, அதுவும் ஒரே சீராகத் திரும்புவதில்லை. சில வாரங்களுக்கு எதிர்ப்பக்கமாகவே சாய்ந்துவிட்டு மெதுவாக நிலைக்கு வரும்.

லேசர் செதுக்குவது கருவிழியை. ஆடிக்கொண்டிருப்பதோ லென்ஸ். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பினால் ஆபத்து. ஆடி மாதத்து 5.25-ஐ நம்பிக் கருவிழியைச் செதுக்கினால், அந்த வாரத்துச் சர்க்கரையை அவர் கண்ணில் நிரந்தரமாகச் செதுக்கியதாக ஆகும். டெய்லர் பிளவுஸ் தைக்கும்போது உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைப்பார், வேண்டுமானால் பிரித்துக்கொள்ளலாம். கருவிழியில் எடுத்ததைத் திரும்ப வைக்க வழியில்லை.

அவருக்கு அதைச் சொன்னபோது முகம் தொங்கிப்போனது. "அப்போ ஆவணிக்குள்ள நடக்காதா?" நடக்காது. சர்க்கரை டாக்டரிடம் அனுப்பினோம்.

மூன்றாம் வாரம் போன் வந்தது. கோபமான போன்.

"மேடம், மாத்திரை ஒழுங்கா போடுறேன், கண்ணுதான் போச்சு. பழைய கண்ணாடி போட்டா தலை வலிக்குது. கேமரா பின்னாடி ஸ்கிரீனைப் பார்த்தா மங்கல். மாத்திரையாலதான்னு அம்மா சொல்றாங்க. நிறுத்திடவா?"

இந்த இடத்தில்தான் நிறைய பேர் மருந்தை நிறுத்துகிறார்கள். சர்க்கரை ஏறியிருந்தபோது பக்கத்தில் தெளிவாக இருந்தது, மருந்து ஆரம்பித்ததும் மங்குகிறது என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? உடனே வரச் சொன்னேன். வலது மைனஸ் 3.00. மூன்று வாரத்தில் இரண்டேகால் இறங்கியிருந்தது. கையில் இருந்த 4.00 கண்ணாடி இப்போது ஒரு டயாப்டர் (பவரின் அலகு) அதிகம். அதனால்தான் தலைவலி, அதனால்தான் ஸ்கிரீன் மங்கல். மருந்து வேலை செய்கிறது என்பதற்கே அது சாட்சி என்று எண்களை எழுதிக் காட்டினேன். பாதி நம்பினார்.

ஆவணிக் கல்யாணங்களுக்கு என்ன செய்வது? அறுநூறு ரூபாய்க்கு ஒரு சாதாரண ஃபிரேமில் மைனஸ் 3.25 போட்டுக் கொடுத்தோம். சர்க்கரை ஆடிக்கொண்டிருக்கும்போது எட்டாயிரம் ரூபாய்க் கண்ணாடி எழுதித் தருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏழாம் வாரம் 3.50. பன்னிரண்டாம் வாரம் 3.75. பதினாறில் 3.75. மார்கழி பிறந்ததும் மறுபடி, 3.75. சிலிண்டர் அதே முக்கால். எச்பிஏ1சி ஐப்பசியில் 7.6, மார்கழியில் 7.1. ஆடியிலேயே செய்திருந்தால் ஒன்றரை டயாப்டர் அதிகமாக எடுத்திருப்போம்; மனிதர் பிளஸ் 1.50 ஆகியிருப்பார். முப்பத்து மூன்றில் கண் அதைச் சமாளித்துவிடும், தெரியாது. முப்பத்தெட்டிலேயே பக்கத்துக்கு ஒரு கண்ணாடி, பிறகு தூரத்துக்கும் ஒன்று.

பவர் நின்றுவிட்டது என்பதால் மட்டும் லேசர் வைத்துவிட முடியாது. சர்க்கரைக்காரர் கருவிழிக்குத் தனிப் பிரச்சினைகள் உண்டு. மேல் படலம் அடியில் சரியாக ஒட்டியிருக்காது. சுவரில் ஈரம் ஏறி உப்பிய பெயிண்ட் போல, லேசாக உரசினாலே உரியும். ஆறவும் நாளாகும். கருவிழியின் நுண்நரம்புகள் குறைந்திருக்கும், ஆகவே உணர்ச்சி மந்தம், கண் உலர்வு. லாசிக்கே அந்த நரம்புகளை வெட்டும் சிகிச்சை. அமெரிக்க எஃப்டிஏ, லாசிக்குக்கு ஏற்றவராக இல்லாமல் இருக்கலாம் என்று சொல்லும் நோய்களில் சர்க்கரையையும் சேர்த்திருப்பது, புண் சரியாக ஆறாமல் போகலாம் என்பதால்தான். 2002-ல் அங்கே வெளியான ஒரு ஆய்வில் லாசிக் செய்துகொண்ட சர்க்கரைக்காரர்களின் 30 கண்களைப் பார்த்தார்கள்: 47 சதவீதத்தில் ஏதாவது ஒரு சிக்கல், மற்றவர்களில் 6.9. பெரும்பாலானவை மேல் படலச் சிக்கல்கள். மூன்று வருஷம் கழித்துக் கனடாவிலிருந்து வந்த ஆய்வு வேறு மாதிரிச் சொன்னது: சர்க்கரை இறுக்கமாகக் கட்டுக்குள் இருந்து, உடம்பில் வேறு பாதிப்பு எதுவும் இல்லாவிட்டால் செய்யலாம். இரண்டும் முரண் என்று நான் நினைக்கவில்லை. யாரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

எங்கள் கருவிழி டாக்டர் பழைய முறைக்காரர். அன்றைக்கு அவர் செய்த முதல் சோதனைக்கு மின்சாரமே தேவையில்லை. சுத்தமான பஞ்சைக் கிள்ளி, விரலிடுக்கில் உருட்டி, நுனியை நூல் போல மெல்லிசாக்கினார். பக்கவாட்டிலிருந்து கொண்டுபோய்க் கருவிழி ஓரத்தில் தொட்டார். படக்கென்று இமை மூடியது. இடது கண்ணிலும் அப்படியே. "நரம்பு இருக்கு," என்றார். அந்த இமை மூடாமல் இருந்திருந்தால் மீதிச் சோதனைகளுக்கு அவர் போயிருக்கவே மாட்டார். பாதத்தில் உணர்ச்சி சரியாக இருப்பதாக சர்க்கரை டாக்டரின் சீட்டும் சொன்னது.

கண்ணீர் அவ்வளவு நன்றாக இல்லை. காகிதப் பட்டை ஐந்து நிமிடத்தில் 9 மில்லிமீட்டர் நனைந்தது. கண்ணீர்ப் படலம் ஆறே நொடியில் உடைந்தது. ராத்திரி இரண்டு மணி வரை கம்ப்யூட்டரில் ஆல்பம் டிசைன் செய்கிறவருக்கு வேறெப்படி இருக்கும்? ஐப்பசியிலேயே சொட்டு மருந்தும் இமைக்கு வெந்நீர் ஒத்தடமும் ஆரம்பித்திருந்தோம். மார்கழியில் பத்து நொடி நின்றது.

விழித்திரையை, மருந்து விட்டு, இரண்டு முறை பார்த்தோம். ஆடியில் ஒரு முறை, மார்கழியில் ஒரு முறை. முதல் முறைக்குக் காரணம் சொல்லவே வேண்டாம். சென்னைச் சர்க்கரைக்காரர்களிடம் நடந்த இரண்டு பெரிய கணக்கெடுப்புகளில், 2005-ல் வந்ததில் 17.6 சதவீதம் பேருக்கும் 2009-ல் வந்ததில் 18 சதவீதம் பேருக்கும் விழித்திரையில் பாதிப்பு இருந்தது. இரண்டாம் முறைக்கான காரணம் பலருக்குத் தெரியாது. நெடுநாள் ஏறிக் கிடந்த சர்க்கரையை வேகமாக இறக்கினால் விழித்திரை சில மாதங்களுக்கு முன்னைவிட மோசமாகலாம். சர்க்கரையை இறுக்கிக் கட்டுப்படுத்தினால் என்ன ஆகும் என்று பார்த்த, 1993-ல் முடிவுகள் வெளியான டிசிசிடி ஆய்வில், முதல் வகை சர்க்கரை உள்ளவர்களிடம் இதைத் தெளிவாகவே பார்த்தார்கள். நீண்ட நாளில் கட்டுப்பாடுதான் காப்பாற்றியது, ஆனால் அந்த ஆரம்ப மாதங்களில் கண்ணை விட்டுவிடக்கூடாது. இவருக்கு இரண்டு முறையும் சுத்தமாக இருந்தது.

மார்கழி வருகையில் கூடவே அம்மாவும் வந்திருந்தார். மடியில் மஞ்சள் பை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா, எனக்கும் சுகருக்கு லேசர் வெச்சாங்க. மூணு தடவை. சுரீர்னு இருந்துச்சு. பார்வை ஒண்ணும் தெளியலையே. இருந்ததை விடக் கொஞ்சம் மங்கிடுச்சு. இவனுக்கு எதுக்கும்மா அது?"

லேசர் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் ஊரையே குழப்பி வைத்திருக்கிறோம். அவருக்கு வைத்தது விழித்திரைக்கான லேசர். பட்டினி கிடக்கும் ஓரத்து விழித்திரையைச் சுட்டு, அது கண்டபடி புது ரத்தக்குழாய் முளைக்க வைப்பதைத் தடுப்பார்கள். இருக்கும் பார்வையைக் காப்பதற்குத்தான் அது, தெளிவாக்குவதற்கு இல்லை. கடுமையான பார்வை இழப்பை அது பாதிக்கு மேல் குறைக்கிறது என்று 1976-லேயே அமெரிக்க ஆய்வு காட்டிவிட்டது. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு பின்பக்கப் படலம் மங்கினால் அதைத் திறக்கிற யாக் லேசர் இன்னொன்று. மகனுக்குப் போவது மூன்றாவது: கருவிழியின் வடிவத்தை மாற்றிக் கண்ணாடியைக் கழற்றுவது. "உங்களுக்கு வெச்சது வீடு இடியாம முட்டுக் குடுத்த மாதிரிம்மா. இவருக்கு ஜன்னலை மாத்துறோம்," என்றேன். "அப்ப எனக்கு வெச்சது வீணில்லையா?" என்று கேட்டார். வீணில்லை என்று சொன்னதும், அதற்காகவே வந்தவர் போலப் பையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

எந்த முறை என்பதில் டாக்டருக்கு அதிகக் குழப்பமில்லை. மேல் படலத்தையே சுரண்டி எடுக்கும் பிஆர்கே, சர்க்கரைக்காரருக்கு வேண்டாத புண். லாசிக்கில் ஏறக்குறைய வட்டம் முழுக்க வெட்டி மூடி போலத் திறப்பார்கள். ஸ்மைலில் ஃபெம்டோ லேசர் கருவிழிக்கு உள்ளேயே ஒரு மெல்லிய வில்லையை வரைந்துவிடும். அதை மூன்று மில்லிமீட்டர் துவாரம் வழியாக உருவி எடுத்தால் போதும். வெட்டுப்படும் நரம்பு குறைவு. கருவிழி கனம் 532 மைக்ரான். மேலே விடும் தொப்பி 120, வில்லை சுமார் 85. அடியில் 327 மிஞ்சும்; குறைந்தது 250 வேண்டும் என்பது பழைய கணக்கு, எங்கள் டாக்டர் 300-க்குக் கீழே இறங்க மாட்டார். ஆனால் ஸ்மைலுக்குச் செலவு கூடுதல், தள்ளுபடியும் இல்லை. ஒரு பழைய லென்ஸை விற்றதாகப் போட்டோகிராபர் சொன்னார். கண்ணாடி லென்ஸ் இல்லை, கேமரா லென்ஸ்.

மார்கழி இரண்டாம் வாரம், காலை முதல் ஆள். சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு வரச் சொன்னோம். சொட்டு மருந்தில் மரத்துப்போக வைத்துச் செய்வதற்குப் பட்டினி தேவையில்லை. வெறும் வயிற்றில் வந்து தாழ்சர்க்கரையில் மயங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வலது கண் சுத்தமாக முடிந்தது. இடது கண்ணில் வில்லையை உருவும்போது துவாரத்து ஓரத்தில் மேல் படலம் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு உரிந்தது. ஐந்து மாதம் காத்திருந்தும், எல்லாச் சோதனையும் தேறியும், அந்தப் பெயிண்ட் உரியத்தான் செய்தது. சர்க்கரை இல்லாதவருக்கும் இது நடப்பதுண்டு, ஆனால் ஒன்றிரண்டு நாளில் மூடிவிடும். இவருக்கு பேண்டேஜ் கான்டாக்ட் லென்ஸ் வைத்து, ஆன்டிபயாடிக் சொட்டு போட்டு, தினமும் வரச் சொன்னோம். நாலாம் நாள்தான் மூடியது. அந்த நாலு நாளும் சாயத்தில் பச்சையாக ஒளிரும் அந்தப் புள்ளியை ஸ்லிட் லாம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் நான்தான் அளந்தேன்: 2, 1.8, 1.1, பூஜ்யம். மூன்றாம் நாள் வரை டாக்டர் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

ஒரு மாதத்தில் இரண்டு கண்ணிலும் 6/6, அதாவது முழுப் பார்வை. மூன்றாம் மாதம் இடதில் மைனஸ் 0.25 மிச்சம், அதை யாரும் பொருட்படுத்தவில்லை. உலர்வு இருந்தது, வீடியோ லைட்டுக்கு முன்னால் நிற்கும் நாட்களில் மணிக்கொரு தரம் சொட்டு.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. பங்குனியில் வந்தார். "பவர் திரும்ப வந்திருச்சு மேடம். பின் வரிசையில இருக்கிறவங்க முகம் தெரியல." பார்த்தேன். இரண்டு கண்ணிலும் மைனஸ் 0.75. தை, மாசி முழுக்க முகூர்த்தம், தினமும் பந்தி, இலையில் இரண்டு இனிப்பு. அந்த வாரம் பார்த்த எச்பிஏ1சி 8.3. கருவிழியை மாற்றினோம், லென்ஸ் பழைய லென்ஸ்தானே, அது சர்க்கரை சொல்வதைத்தான் கேட்கும். "டச்சப் பண்ணிடலாமா?" என்று ரிசப்ஷனில் யாரோ கேட்டிருக்கிறார்கள். ஆடியில் செய்யாத தப்பைப் பங்குனியில் செய்வதா? இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னேன். வந்தபோது 0.25.

அன்றைக்கு அவருக்கு ஒரு தாள் கொடுத்தேன். ஆபரேஷனுக்கு முந்தைய கருவிழி வளைவு 43.25, 44.00, கனம் 532, கண் அழுத்தம் 15, நின்ற பவர் 3.75. சர்க்கரைக்காரருக்குக் கண்புரை சீக்கிரம் வரும். அப்போது உள்ளே வைக்கும் லென்ஸின் கணக்கு, செதுக்கிய கருவிழியை வழக்கமான முறையில் அளந்தால் தப்பிப்போகும்; பழைய எண்கள் கையில் இருந்தால் உதவும். கருவிழி மெலிந்ததால் கண் அழுத்தமும் இனி உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும், கண் நீரழுத்த நோயை (கிளாக்கோமா) தேடும் டாக்டருக்கு அது தெரிய வேண்டும்.

செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு தாளை மேசையிலேயே வைத்துவிட்டுப் போகப் பார்த்தார். அம்மா எட்டி எடுத்தார். நாலாக மடித்து, மஞ்சள் பையில் இருந்த வீட்டுப் பத்திரக் கவருக்குள் செருகிக்கொண்டார்.